கை கோத்த புரதம்

எதிராளிகள் முந்திவிட்டார்களாம். சொன்னவர் மூன்றாம் மாடி நுண்ணுயிர்க்காரர். அவருக்குச் சொன்னது கருத்தரங்குக்குப் போய்வந்த அவருடைய மைத்துனர். மைத்துனராவது கண்ணால் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்ததாம். வேறொரு நாட்டில், இந்த ஆய்வகம் மூன்று வருடமாகத் துரத்தும் அதே சுமைப் புரதத்தைப் படம் பிடித்துவிட்டார்கள், அதுவும் அதன் நீளக் கையோடு.

பேராசிரியருக்கு அது போதுமானதாக இருந்தது. நகரத்தின் மறுகோடியில் தலைமை அலுவலகம், நாலு மணிக்குக் குழுக் கூட்டம். "அவங்க முடிச்சிட்டாங்கன்னா நாம ஏன் சுவத்துல முட்டிக்கணும்? இந்த வேலையை மூடிடறோம்னு இன்னைக்கே சொல்லிடறேன்," என்று படி இறங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருட வேலை படியிலேயே முடிந்துவிட்டது.

தட்டு அக்கா படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் போவதையே பார்த்தார். ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவர் தட்டு அக்காதான். பத்தொன்பது வருடத்துக்கு முன் குடுவை கழுவ வந்தவர். கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்து, பாக்டீரியா வளர்ப்பதிலிருந்து புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்வதுவரை எல்லாம் கைக்கு வந்துவிட்டது. படிகம் வளர்வதற்காகத் துளி வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளை மட்டும் அவர் தூக்கிப்போடவே மாட்டார். குளிர் அறையில் ஓர் அலமாரி முழுக்கப் பழைய தட்டுகள். கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கு, உங்களை என்ன பண்ணுது?" என்பார்.

பேருந்து ஓட்டும் கணவருக்கு அவர் ஒருமுறை விளக்கியிருந்தார். "மண்ணுல இருக்கற ஒரு பாக்டீரியா, நோய்க்கு மருந்து செய்யுதுங்க. அதுக்குள்ள நிறைய எந்திரம் வரிசையா நிக்குது. நடுவுல ஒரு பொடியன், அவன்தான் எங்க சுமைப் புரதம். உடம்பு நாலு சுருள், அதுல ஒரே ஒரு நீளக் கை. கையில துண்டைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எந்திரத்துக்கிட்டயா நீட்டுவான். அது ஒட்டும், இது வெட்டும், கடைசியில மருந்து."

"ஒத்தைக் கையாலயா? எங்க டிப்போவுல ரெண்டு கை இருக்கறவனே ஒரு வேலையும் செய்யறதில்ல. சரி, போட்டோ எடுக்க என்ன கஷ்டம்?"

"கை ஆடிக்கிட்டே இருக்குதே. கோடிக்கணக்கான பேரும் ஒரே மாதிரி அசையாம அடுக்கி நின்னாத்தான் படிகம். அப்பத்தான் படம்."

"பள்ளிக்கூடத்து குரூப் போட்டோன்னு சொல்லு."

அந்த குரூப் போட்டோவுக்குத்தான் மூன்று வருடமாக ஒருவனும் அசையாமல் நிற்கவில்லை.

மூடுவதென்றால் அலமாரியைக் காலி செய்ய வேண்டும். இரண்டரை மணிக்கு அக்கா தட்டுகளை வெளியே எடுத்தார். குப்பைப் பையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் கடைசியாக ஒருமுறை பார்த்தார். சேறு, சேறு, தெளிந்த நீர், மறுபடி சேறு. ஐந்து மாதத்துக்கு முன் வைத்த ஒரு தட்டில், கீழ் வரிசையில், பளிச்சென்று ஏதோ மின்னியது. ஆறு பட்டை. கூரான விளிம்பு. படிகம், ஒன்றே ஒன்று.

"அவசரம்! ஏய் அவசரம்! ஓடி வா!"

அவசரம் என்பது இந்த வேலையைப் பொறுப்பேற்றுச் செய்யும் ஆய்வாளரின் பட்டப்பெயர். ஒரு பிள்ளைக்குத் தாய், ஒரு நிமிடம் உட்கார மாட்டாள். பார்த்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

"எதுக்கு ஊசி?"

"குத்திப் பாத்துடலாம்க்கா. டக்குனு உடைஞ்சா உப்பு. பொலபொலன்னு உதிர்ந்தா புரதம்."

"பலூன் நல்லதான்னு ஊசியால குத்திப் பாப்பியா நீ? இருக்கறது ஒண்ணு! வை கீழ."

ஊசி கீழே போனது. ஆனால் உப்பாக இருந்தால்? இந்தத் தொழிலில் அழகான படிகங்களில் பாதி உப்புதான். அந்தத் துளியில் அப்படி என்ன வேறு என்று பார்க்க அவசரம் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"அக்கா, அந்த பேட்ச்ல நாத்த மருந்துக்கு டிக் இல்லையே."

அழுகிய முட்டை வாசம் வீசும் அந்த மருந்தை ஒவ்வொரு முறையும் போட்டாக வேண்டும். கையின் நுனியில் கந்தகம் இருக்கிறது. மருந்து இல்லாவிட்டால் ஒன்றின் கை இன்னொன்றின் கையோடு ஒட்டிக்கொள்ளும். அக்கா குறிப்பேட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். அந்த நாள் நினைவுக்கு வந்தது. வீட்டுச் சாவியைக் காணோமென்று கணவர் மூன்று முறை போன் செய்தார். சாவி ஃபிரிட்ஜுக்குள் இருந்தது.

"மறந்துட்டேன்டி. பத்தொம்பது வருஷத்துல..."

"அக்கா, நிறுத்துங்க!" அவசரம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ரெண்டு ரெண்டு பேரா கையைக் கோத்துக்கிட்டா? அப்புறம் கை எப்படி ஆடும்?"

அடுத்த நொடி அக்கா நைலான் வளையத்தைக் கையில் எடுத்திருந்தார். தலைமுடியளவு வளையம். மூச்சைப் பிடித்துக்கொண்டு படிகத்தை அள்ளினார். திரவ நைட்ரஜனில் ஒரு முக்கு, குடுவையோடு அடித்தளத்துக்கு ஓட்டம்.

எக்ஸ்ரே இயந்திரத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு வெச்சுக்கலாமே?"

"அண்ணே, நாளைக்கு இந்த வேலையே இருக்காது. வைங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். உப்பு என்றால் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து தடித்த புள்ளி விழும், புரதம் என்றால் நூற்றுக்கணக்கில். ஒரு நிமிடம் ஓடியது. அக்கா திரையைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா!" என்றார் இயந்திரத்துக்காரர்.

திரை முழுக்கப் புள்ளிகள். நெருக்கமாக, வரிசை வரிசையாக, ஓரம்வரை. எண்ணி மாளாது. அவசரம் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். இயந்திரத்துக்காரர், "மெஷின் மேல விழுந்துடாதீங்கம்மா!" என்று கத்திக்கொண்டே தானும் சிரித்தார்.

"மணி என்ன?" என்றார் அக்கா.

மூன்று ஐம்பத்திரண்டு.

அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது. அக்கா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார், ஒரு கையில் கையுறை, மறு கையில் போன். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, தெருப்பக்க வாசலில் நின்று பேராசிரியரின் எண்ணை அழுத்தினார். பின்னாலேயே வந்த அவசரம் கேட்டாள்: "எதை முதல்ல சொல்லப் போறீங்க? புள்ளியையா?"

"மறந்ததை. 'சார், நான் மருந்து போட மறந்துட்டேன், அதனாலதான் வந்திருக்கு.' அதைச் சொன்னாத்தான் மறுபடி வளர்க்க முடியும்."

"திட்டுவாரு."

"திட்டட்டும். அவங்க படம் காத்துவாக்குல வந்த சேதி, நம்ம புள்ளி திரையிலயே இருக்கு. முதல்ல எடுக்கட்டும்."

மறுமுனையில் போன் மணி அடித்தது. இரண்டு. மூன்று. வாசலில் ஒரு லாரி திரும்பியது. அக்கா மறு காதைப் பொத்திக்கொண்டார். ஐந்து. "எடுங்க சார், எடுங்க, கூட்டத்துக்குள்ள போயிடாதீங்க," என்று போனிடமே சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு. ஏழாவது மணி அடித்துக்கொண்டிருந்தது.