வாசல் வெளிச்சத்தில் பார்த்த ஃபிலிம்

சாந்தோம் ராஜநாயகம் பன்னிரண்டு வருடமாக அசிஸ்டென்ட் கேமராமேன். ஃபோகஸ் பிடித்தது அவர், வெயிலில் கருகியது அவர். டைட்டிலில் பெயர் வந்தது வேறு யாருக்கோ. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "இந்தப் படத்துலயாவது பேர் வருதா?" என்று கேட்காத ஆள் அந்தப் பங்குக் கோயிலில் இல்லை. மனைவி வெரோனிகா மட்டும் கேட்பதில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் தி. நகர் ஜவுளிக்கடை கணேசமூர்த்தி அண்ணாச்சி கலர்ப் படம் எடுக்கக் கிளம்பினார். கதை என்று ஒன்று இருந்தது; கதாநாயகி பதினெட்டுப் புடவை மாற்றுவதற்கு அது குறுக்கே நிற்காது. பட்டினப்பாக்கம் கடற்கரையில் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக் காட்ட வேண்டும். புடவை நிறம் சரியாக விழுந்தால் ராஜநாயகம்தான் கேமராமேன், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

பகல் வெயிலுக்கான ஃபிலிமில் இரண்டு வகை கிடைத்தது. வகைக்கு ஒரு டப்பா வாங்கி வந்து கடைக் கல்லாவின் மேல் வைத்தார் ராஜநாயகம்.

"இது மெதுவான ஃபிலிம் அண்ணாச்சி. வெயில் நிறைய கேக்கும், ஆனா படம் வழவழன்னு விழும். அது வேகமானது. மேகம் மூடினாலும் சமாளிக்கும், ஆனா பொடிப்பொடியா தெரியும்."

"அப்ப இது பட்டு, அது நூலுன்னு சொல்லும்வே!" என்றார் அண்ணாச்சி. "ரெண்டுலயும் எடுத்துப் பாரும். இன்னைக்கு மட்டும் சாமி படத்துக்கு முன்னால இருக்கட்டும், காலையில வந்து எடுத்துக்கிடும்."

சாமி காரியத்தில் என்ன மறுப்பது? ராஜநாயகம் எழுந்தார். டியூப்லைட்டை நம்பாத பெண்கள் இருவர் ஒரு புடவையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாசல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு வழிவிட்டு அவர் வெளியே வந்தார்.

மறுநாள் இரண்டு டப்பாவையும் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்டுக் கேமராவில் ஏற்றி, கண்ணும் கருத்துமாக எடுத்தார். நான்காம் நாள் டைரக்டரும் விநியோகஸ்தரும் உட்கார்ந்திருக்க, பிரிவியூ தியேட்டரில் போட்டால், திரை வெள்ளை வெளேரென்று ஓடியது. நடுவில் ஒரு நீலப் புடவை, கஞ்சியில் முக்கி எடுத்ததுபோல் வந்து மறைந்தது. டைரக்டர் இருமினார். ராஜநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணாச்சி மட்டும் அசரவில்லை.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்தாம்வே. நீரு போனதும் ரெண்டு டப்பாவையும் பிரிச்சேன். விரல்ல தேச்சுப் பாத்தேன். வாசலுக்குக் கொண்டு போயி வெயில்லயும் பிடிச்சுப் பாத்தேன். பட்டுங்கீரு, ஒரு பளபளப்பைக் காணோம்! மூடியில இருந்த டேப்பைப் பழையபடி நாந்தான் ஒட்டி வச்சேன்."

முப்பது வருடம் பார்சல் கட்டிய கை ஒட்டியது. ராஜநாயகம் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை.

கேமராவுக்குள் போகுமுன் வெளிச்சம் பட்டால் ஃபிலிம் செத்தது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டைரக்டர் முன்னால், விநியோகஸ்தர் முன்னால் முதலாளியை முட்டாள் என்று எப்படிச் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்று தீர்மானித்தார்.

"சரியாத்தான் பாத்திருக்கீங்க அண்ணாச்சி. சரக்குதான் மோசம். உங்க கைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாம போச்சு."

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். "தப்பை ஒத்துக்கிடுத ஆளு! நீருதாம்வே நம்ம கேமராமேன்!"

ராஜநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. வெரோனிகாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அண்ணாச்சி அவர் தோளில் கைபோட்டார்.

"இனிமே என் கை படாம ஒரு டப்பா கேமராவுக்குள்ள போகக்கூடாது. படத்துக்கு வாங்குத முப்பது டப்பாவையும் கடைக்கு அனுப்பும். ஒவ்வொண்ணா வாசல்ல வச்சுப் பாத்துத் தாரேன். டைட்டில்ல உம்ம பேரைப் பெரிசாப் போட்டிருவோம்."

ராஜநாயகம் தலையாட்டினார். டைட்டிலையும் அந்த ஃபிலிமில்தான் எடுக்க வேண்டும்.