மங்களம் கேட்டால் வண்டியை எடு

கச்சேரிக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பந்தலுக்குள் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர்கள் ஒரு வகை. வெளியே மைதானத்தில், வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துப் போட்டு வாயைப் பிளந்து தூங்குகிறவர்கள் இன்னொரு வகை. கொழிஞ்சாம்பாறை ரமேஷ்குமார் பல வருஷமாக இரண்டாம் வகை.

பொள்ளாச்சியில் சுற்றுலா வண்டிகள் விடும் பிரதீப்பிடம் அவன் டிரைவர். அருவி, அணை என்று எல்லாரும்தான் கூட்டிப் போகிறார்கள், நாம் பாட்டுப் பிரியர்களைப் பிடிப்போம் என்று பிரதீப்புக்கு ஒரு நாள் தோன்றியது. அன்றோடு ரமேஷ்குமாருக்குத் தூக்கம் போயிற்று. ஐப்பசிக் கடைசியில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேரை ஒட்டி நடக்கும் கச்சேரிகள், அது முடிந்த கையோடு குருவாயூர், மாசியில் செம்பை கிராமம், இடையிடையே மிருதங்கம் செய்கிற பெருவெம்பு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் வழியெல்லாம் ராகம் பேசுவார்கள். எந்தப் பாடகருக்குத் தொண்டை போய்விட்டது, யாருக்கு இன்னும் வரவே இல்லை என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஓட்டுகிறவன் சாப்பிட்டானா என்று கேட்க மட்டும் மறந்துவிடும்.

டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு நடக்கும் வரை தூங்கலாம். கச்சேரியை முடிக்கிற மங்களம் ஒலிபெருக்கியில் கேட்டதும் எழுந்து சாவியைத் திருப்பிவிட வேண்டும். விருந்தாளிகள் வந்து ஏறும்போது வண்டி குளுகுளுவென்று இருக்காவிட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். ரமேஷ்குமாருக்கு இது உடம்பில் ஊறிவிட்டது. மங்களத்துக்கு முன்னால் பாடுகிற அந்தச் சாந்தமான ராகத்திலேயே விழிப்பு வந்துவிடும். அதற்கு மத்தியமாவதி என்று பெயர் என்று ஒரு பெரியவர் வண்டியில் வரும்போது சொல்லியிருந்தார். பெயர் தெரிந்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட. மற்ற ராகமெல்லாம் தாலாட்டு, இது ஒன்றுதான் அலாரம்.

அவன் மனைவி செல்வப்பிரியா முதல் வகையில் சேர வேண்டியவள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரிடம் கற்றது கொஞ்சம், மீதி போனில் கேட்டுப் பழகியது. சாணி வழிக்கும்போதும் பால் கறக்கும்போதும் மாட்டுக் கொட்டகையில் போன் பாடிக்கொண்டிருக்கும். நேரில் ஒரு கச்சேரி கேட்டதில்லை. கல்பாத்தி ஒன்றும் காசிபோல் தூரம் இல்லை. ஆனால் கச்சேரி சாயங்காலம், மாட்டுக்குப் பால் கறப்பதும் சாயங்காலம், முடிந்து வெளியே வந்தால் திரும்ப பஸ்ஸும் இருக்காது.

"ஏனுங்க, போன்ல ராகம் நல்லா மேல ஏறீட்டிருக்கறப்பப் பாத்து பல்பசை விளம்பரம் வந்துருதுங்க" என்பாள். "ஒருக்கா முழுசாக் கேக்கோணுங்க. ராகம், பாட்டு, அதுக்கப்பறம் மிருதங்கக்காரரு தனியா வாசிக்கறது, எல்லாம் நடுவுல அந்து போகாமக் கேக்கோணும்."

"அடுத்த வருசம் போலாம் புள்ள" என்பான் அவன்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். ஒவ்வொரு ஐப்பசியும் சீசன், சீசன் என்று தட்டிக் கழித்தான். போன வருஷம் அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் பிரதீப்பிடம் போய் நின்றான். "ஒரு நா எனக்கு டூட்டி வேண்டாமுங்க. ஊட்டுக்காரியக் கூட்டீட்டுக் கச்சேரிக்குப் போகோணும்."

பிரதீப் மனசு இளகி வண்டியையே எடுத்துப் போகச் சொன்னார். இளகிய மனசு முந்தின நாளைக்கு இளகவில்லை. கொச்சிக்கு ஒரு நடை, அங்கிருந்து குருவாயூர், விடியற்காலையில் கோயமுத்தூர் விமான நிலையம். வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றியபோது கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. மாட்டைப் பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். செல்வப்பிரியா கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். வழி முழுக்கச் சிரித்த முகமாகவே வந்தாள்.

பந்தலில் நல்ல இடமே கிடைத்தது. பாடகி இரண்டாவது பாட்டை எடுப்பதற்குள் ரமேஷ்குமாரின் தலை தொங்கிவிட்டது. செல்வப்பிரியா பார்த்தாள், பாவம் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு இப்போது மேடையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. அப்புறம் பாடகி கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக ஒரு ராகத்தைத் தொடங்கினார்.

ரமேஷ்குமார் திடுக்கென்று எழுந்து நின்றான். "கெளம்பு புள்ள, கெளம்பு. கூட்டம் எந்திரிக்கறதுக்குள்ள வண்டிய எடுத்தரோணும்."

"முடிஞ்சுதுங்களா?"

"முடியற ராகம் இதுதான். வா."

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் கச்சேரி கச்சேரியாகப் போய் வருகிற மனிதர், தெரியாமலா சொல்வார் என்று நினைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி அவன் பின்னால் போனாள்.

மைதானத்தில் ஒரு வண்டியும் உறுமவில்லை. பீர்மேட்டிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டி வந்திருந்த டிரைவர் பாண்டி, ஜீப்புக்குள் முகத்தில் போட்டிருந்த துண்டை விலக்கிப் பார்த்தான்.

"என்னண்ணே, அதுக்குள்ள எந்திரிச்சு வந்துட்டீங்க? பெரிய ராகத்த இப்பத்தான எடுத்திருக்காங்க. இன்னும் ரொம்ப நேரம் கெடக்குண்ணே."

மூலையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் ராகம் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. மத்தியமாவதியை நடுவிலும் பாடலாம், அதையே கச்சேரியின் பெரிய ராகமாக வைத்துக்கொண்டு விரிக்கலாம். அதை யாரும் ரமேஷ்குமாருக்குச் சொன்னதில்லை. அவன் அறிந்ததெல்லாம் அதைக் கேட்டால் எழுந்திருக்க வேண்டும் என்பதுதான்.

இருவரும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனார்கள். பந்தல் வாசலில் கூட்டம் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. எக்கிப் பார்த்தபோது அவர்கள் நாற்காலிகளில் வேறு இருவர் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முண்டியடித்துப் பார்த்தான், முன்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

"உடுங்க" என்றாள் செல்வப்பிரியா. "வண்டிகிட்டயே நல்லாக் கேட்டுதுங்களே. அங்கயே போலாம்."

அவள் திட்டியிருந்தால் அவனுக்குப் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். திட்டவில்லை. வண்டியின் படியில் பட்டுப்புடவை கசங்க உட்கார்ந்துகொண்டாள். ராகம் பாதி போய்விட்டது, மீதியைக் கேட்டாள். பாட்டைக் கேட்டாள். மிருதங்கம் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் அவள் விரல்கள் முழங்காலில் ஓடின. நடுவில் யாரோ பின்னால் எடுத்த வண்டி கீங் கீங் என்று கத்தியது, கொஞ்ச நேரம் மிருதங்கம் காணாமல் போனது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

ரமேஷ்குமார் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். வண்டியில் சாய்ந்து நின்றான், பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான், மறுபடி சாய்ந்தான். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது, மனசு அதைவிட மோசமாக இருந்தது. அடுத்த வருஷம் என்று சொல்ல வாயெடுத்தான். அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

சின்னச் சின்னப் பாட்டுகள் முடிந்து மங்களம் வந்தது. பாண்டியின் ஜீப் முதலில் உறுமியது. அடுத்து ஒரு கார், அதற்கடுத்து ஒரு பஸ். மைதானம் முழுக்க வண்டிகள் விழித்துக்கொண்டன.

"ஏனுங்க, இப்பப் பாடறது என்னங்க?"

"மங்களம்."

"ஒண்ணுமே கேக்கலீங்களே."

அப்போதுதான் ரமேஷ்குமார் கவனித்தான். அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். எப்போது ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கை சாவியில் இருந்தது.

சட்டென்று என்ஜினை அணைத்தான். மற்ற வண்டிகளை யார் அணைப்பது? செல்வப்பிரியா ஒலிபெருக்கி இருந்த பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.