அக்காவிடம் நான் சொன்ன ஏற்ற வேளை

ஏற்ற வேளை என்று யாராவது சொன்னாலே எனக்கு இப்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வருகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என் தோளில் கை போட்டு, "கர்த்தர் ஏத்த வேளையில உங்க அக்காவக் காப்பாத்திட்டாரு பிரதர். அடுத்த வாரம் நீங்க எழுந்து சாட்சி சொல்லணும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டிய அந்தத் தலையின் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். மாமா இறந்த பிறகு குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே தனியாக இருக்கிறாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். நான் டவுனில் வாத்தியார். பைக்கை எடுத்தால் பத்து நிமிடத்தில் அவள் வாசல். அவள் வயலில் இறங்கித்தான் என்னைப் படிக்கவைத்தாள் என்பதைச் சபையில் குரல் தழுதழுக்கச் சொல்வேன். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இந்த சம்பா நடவில் சேற்றுக்குள் கிடந்த நத்தை ஓடு ஒன்று அவள் வலது பாதத்தைக் கிழித்துவிட்டது. அவளுக்கு சுகர் உண்டு. மூன்றாம் நாள் காலையில் போன் செய்தாள்.

"தம்பி, கால் வீங்கிக் கெடக்கு. இங்க ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுட்டு ஒடனே தஞ்சாவூருக்குப் போகச் சொல்லிட்டாங்க. தனியாப் போகத் தெரியலடா. கூட்டிட்டுப் போறியா?"

"ஜெபம் பண்ணுக்கா. எல்லாத்துக்கும் அவரு ஒரு நேரம் வச்சிருக்காரு. வெள்ளிக்கெழம உபவாச ஜெபத்துக்கு வா, பாஸ்டர்கிட்ட எண்ணெய் வாங்கித் தர்றேன்."

"சரி தம்பி" என்றாள்.

விசுவாசத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. லீவு இருந்தது, எடுக்கத்தான் மனமில்லை. தஞ்சாவூர் வரை போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஒரு நாள் முழுக்கப் பாழாகுமே என்ற சலிப்பு. அந்தச் சோம்பேறித்தனத்துக்குக் கர்த்தரின் பெயரைப் போர்த்திவிட்டேன், அவ்வளவுதான். எனக்கு லேசாகத் தலை வலித்தால் அவருடைய வேளைக்காக நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை. தெருமுனை மெடிக்கலுக்குத்தான் ஓடுவேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். பழைய ஷாம்பு பாட்டிலில் ஊற்றிய ஜெப எண்ணெயை வாங்கிப் பயபக்தியோடு முந்தானையில் முடிந்துகொண்டாள். சுகர்காரியின் வெட்டுக்காயத்தில் தேங்காயெண்ணெய்! எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிற நான் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் காலிலிருந்து வாடை வந்தது. செத்த எலியின் வாடை. பாயில் அவளுக்கு அருகே இருந்த பெண்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அப்போது வந்தது பயமல்ல, வெட்கம். வெளியே கூட்டிப்போய், வண்டிப் பெட்டியில் கிடந்த என் மகளின் பள்ளிக்கூட சாக்ஸை எடுத்து, "இதப் போட்டுக்கிட்டுக் கதவோரமா ஒக்காருக்கா, ஃபேன் காத்துல வாட எல்லாருக்கும் அடிக்குது" என்றேன். சுருங்கிப்போன முகத்தோடு வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு நான் உள்ளே போய், கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கும் பொறுமையைப் பற்றிப் பத்து நிமிடம் சாட்சி சொன்னேன். நன்றாகவே பேசினேன். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சபையே முழங்கியது. கதவோரத்தில் அக்காவும் கண்ணை மூடிக் கை தூக்கியிருந்தாள்.

மறுநாள் காலை அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். சாக்ஸ் சீழோடு காய்ந்து ஒட்டிக்கிடந்தது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. அந்தக் காய்ச்சலிலும் "புள்ளயோட சாக்ஸு வீணாப்போச்சே" என்றாள். விரல்கள் கறுத்திருந்தன. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

அரை மணி நேரத்தில் கார் கிடைத்தது. ஒரே போனில் லீவும் கிடைத்தது. தஞ்சாவூரில் டாக்டர், "எத்தன நாளா வச்சிருக்கீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது பாதத்தில் முன்பாதி போய்விட்டது. இனி அவளால் சேற்றில் கால் ஊன்றி நிற்க முடியாது. நடவுதான் அவளுக்குச் சோறு, பேச்சு, சிரிப்பு எல்லாமே.

மூன்று நாள் கழித்து வார்டில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் நாக்கு பழக்கதோஷத்தில் அதையே மறுபடியும் உளறியது.

"கவலப்படாதக்கா. எல்லாம் அவரு நேரம்."

அக்கா கரண்டியைக் கையால் தள்ளினாள். கோபம் இல்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு மேல பழிபோடாதடா. தம்பிய வரச்சொல்லுன்னு மூணாம் நாளே எம் மனசுல பேசுனாரு. அதுக்கப்புறந்தான் ஒனக்குப் போன் போட்டேன். அவரு நேரத்துக்கு வந்துட்டாரு. நீதான் லேட்டு."