மாரிமுத்து சேரின் விளக்கெண்ணெய் விமானம்

ஹட்டன் பஸ் நிலையத்தில் கேள்விப்பட்டு வந்த என் கணவர் குடையைக்கூட மடிக்காமல் வாசலிலேயே நின்றார். "நம்ம மாரிமுத்து சேர் போயிட்டாராம். நெஞ்சு வலியாம்." மகளுக்கு அம்மை போட்டிருந்த நேரம். அம்மை கண்ட வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போயிற்று. இதைக்கூடத் தாமதமாகத்தான் எழுதுகிறேன்.

அம்மை இறங்கிய பிறகு, சேரும் நானும் படிப்பித்த பழைய பள்ளிக்கூடத்தில் வைத்த அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனேன். பேசிய எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: விளையாட்டுப் போட்டியன்று பறக்காமல் போன விமானம். அன்பாகத்தான் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் மஸ்கெலியா பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் மனசு ஆறவில்லை. அந்தக் கதையின் மிச்சம் தெரிந்தவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை.

சேர் கணக்கு வாத்தியார். பள்ளியின் இரட்டைக் குவார்ட்டர்ஸில் அப்போது எங்களுக்கு அடுத்த வீடு, வராந்தா ஒன்றுதான். சீமைக்குக் கிளம்பிய ஒரு தோட்டத்துத் துரையின் சாமான் விற்பனையில் உள்ளங்கை அளவு எஞ்சின் ஒன்றை வாங்கி, அதற்காகவே மெல்லிய பலகையில் ஒரு விமானம் செய்தார். கம்பியைக் கையில் பிடித்துத் தன்னைச் சுற்றிப் பறக்கவிடும் வகை. அதன் எண்ணெயில் நைட்ரோ என்றொரு சரக்கும் சேரவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஹட்டனில் கடை வைத்திருந்த நானாவிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

"நைட்ரோவா? நோட்டன் பிரிட்ஜ்ல பாறைய ஒடைக்க வச்சாங்களே, அந்த வெடி மருந்தா? என்னய உள்ள தள்ளப் பாக்குறீங்களா சேர்?"

திரும்பி வந்து, "இல்லாத சாமானுக்கு அழுதா இருக்கிற சாமானும் கெட்டுப்போயிரும் டீச்சர்" என்றார். கொழும்பிலிருந்து தருவித்த ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் மட்டும் கலந்து ஓட்டிப் பார்த்தார். எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பார். எஞ்சின் கக்கும் புகையில் விளக்கெண்ணெய் வாடை தொழிலாளர் லயம் வரைக்கும் போகும். "பேதி மருந்து வருதுடோய்!" என்று பிள்ளைகள் தேயிலைக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

எனக்கோ வேறு பயம். அந்த ஸ்பிரிட் விஷம். மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். என் முகமே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் கலந்து வைத்திருந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு அவரே கிளம்பினார். "பாப்பா நடக்க ஆரம்பிச்சிருச்சு. இனிமே இது இந்த வராந்தாப் பக்கமே இருக்கக்கூடாது." பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டி வைக்கும் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.

விளையாட்டுப் போட்டியன்று விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டியது என் வேலை. மைதானம் முழுக்கப் பிள்ளைகள். எஞ்சின் இருமியது, துப்பியது, என் சேலையில் எண்ணெய் தெளித்துவிட்டு அடங்கிப்போனது. எத்தனை தடவை முயன்றும் அதே இருமல்தான்.

"சேர், பிளேனுக்குப் பேதி!" என்று ஒரு குரல். மைதானமே சிரித்தது.

"வெளக்கெண்ணெய் குடிச்சா யாருக்குடா போகாது?" என்று முகத்தைத் துடைத்தபடி அவரும் சிரித்தார். அஞ்சலிக் கூட்டத்தில் எல்லோரும் சொன்ன கதை இங்கே முடிந்துவிடுகிறது.

அன்று சாயங்காலம் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். மூடியின் தக்கையை எலி கொறித்திருந்தது. எண்ணெய் தனியாகப் பிரிந்து அடியில் கிடந்தது. "மூடுபனி உள்ள போயிருச்சு டீச்சர். ஸ்பிரிட்டு ஈரத்தக் கண்டா விடாது, இழுத்துக்கும்." நான் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்தேன். அதையும் கவனித்துவிட்டார். "பாப்பா குடிக்கிறதுக்கு மூடுபனி குடிச்சது மேல். விடுங்க."

பள்ளி விடுமுறையில் புதுப் போத்தல் வந்தது. வெறும் மைதானம், என் கணவர், தோளில் மகள், நான். குளிரில் எஞ்சின் பிடிக்காது என்று மகளின் வெந்நீர்ப் பையை வாங்கி அதன்மேல் போர்த்தி வைத்தார். பிறகு விசிறியைச் சுண்டினார். இந்த முறை இருமல் இல்லை, ஒரே சீரான கூவல். நடுவில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க டீச்சர்!" என்று கத்தினார். என் விரல்கள் விட மறுத்தன. "பயப்படாதீங்க, அது போறேங்குது!" விட்டேன்.

பறந்தது. எண்ணெய் தீரும்வரை சுற்றிச் சுற்றிப் பறந்தது. அவரும் கூடவே சுற்றி, அது புல்லில் இறங்கியதும் தலை கிறுகிறுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் கை தட்டினாள்.

"பள்ளிக்கூடம் தொறந்ததும் பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க சேர்" என்றேன்.

"சொன்னா நம்புவானுங்களா? அடுத்த போட்டியில கண்ணால பாக்கட்டும். அதுவரைக்கும் சிரிக்கட்டுமே."

அடுத்த போட்டிக்கு முன்னால் நுவரெலியாப் பக்கம் மாற்றலாகிப் போனார். இனி அடுத்தது என்று ஒன்றில்லை. அன்று சிரித்தவர்கள் இன்று பெரியவர்களாகி, கண்கலங்கி, அந்தப் பாதிக் கதையையே அவர் நினைவாக வைத்திருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போட்டியன்று நான் கட்டியிருந்த அந்தச் சேலையின் எண்ணெய்க் கறை எத்தனை வெளுப்புக்கும் போகவில்லை. அம்மையில் கிடந்த மகளுக்கு அதைத்தான் விரித்திருந்தேன். தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு இன்றுதான் அவள் வெளியே ஓடக் கிளம்பினாள். வாசல் வரை போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்புறம், விட்டேன்.