ஸோராவுக்குச் சொல்ல வேண்டிய பதில்

ப்ர்னோ நகரத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற யாரிடம் வேண்டுமானாலும் வ்லாஸ்தாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஐயோ, அந்தம்மாவா? ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் சண்டை போடுவாங்களே!" என்பார்கள். வயது எழுபத்தைந்து. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடி. புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி கிடையாது. ஆங்கில அரசியல் கட்டுரைகளையும் அரசாங்க அறிக்கைகளையும் செக் மொழிக்குக் கொண்டுவந்தே ஆயுசில் பாதிக்கு மேல் கழித்தவள். பேச்சுத்துணைக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. செய்தி வாசிக்கிறவன் சொல்லைத் தப்பாகப் போட்டால் அதோடும் சண்டைதான்.

அவளுடைய முப்பது வருஷத்துப் பெரிய சண்டை ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றியது. அக்கவுண்டபிலிட்டி. செக்கில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. எல்லாரும் 'ஒத்போவ்யெத்நொஸ்த்' என்று போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாம் பொறுப்பு என்கிறோமே, அதுதான். வ்லாஸ்தாவுக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடந்த நாளில் தொழிற்சாலைச் சுவரிலிருந்து பள்ளிக்கூடக் கழிப்பறை வரைக்கும் எழுதி ஒட்டியே தேய்த்துவிட்ட சொல் அது. பொறுப்பு, பொறுப்பு என்று மார்தட்டினவர்களில் ஒருத்தனாவது எவனுக்காவது பதில் சொல்லியிருக்கிறானா? அதனால் அவள் எப்போதும் 'இன்னாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருத்தல்' என்றே எழுதுவாள். நீளம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு காலை, வேலை கொடுக்கும் மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து ஷார்க்கா கூப்பிட்டாள். நாற்பது வயசுக்காரி. நல்லவள், ஆனால் காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் எப்போதும் பேசுவாள்.

"வ்லாஸ்தாம்மா, அறிக்கையில அந்தச் சொல்லு நாப்பத்தோரு இடத்துல வருது. நாப்பத்தோரு இடத்துலயும் ரயில் மாதிரி இழுத்து வெச்சிருக்கீங்க. எங்க சொற்பட்டியல்ல 'பொறுப்பு'ன்னுதான் இருக்கு. மாத்திக் குடுத்துடுங்களேன்."

"மாட்டேன்."

"கம்ப்யூட்டரே அப்படித்தாம்மா போடுது."

"அப்ப அதுக்கே வேலையக் குடு. பொறுப்பு இருக்குன்னு ஒருத்தன் தனியா உக்காந்துகிட்டே சொல்லிக்கலாம்டி. இதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். யாருக்குப் பதில்னு இருக்கணும். புரியுதா?"

"புரியுது. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த ஒரு சொல்லுல மட்டும் ஏன் இவ்வளவு ஆவேசம்? உங்களுக்கு யாராவது பதில் சொல்லாம போயிட்டாங்களா?"

வ்லாஸ்தா பட்டென்று போனை வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து வானொலிக்காரன் உற்சாகமாக ஆரம்பித்தான்: "இன்று பெயர்நாள் கொண்டாடும் ஸோராக்கள் அனைவருக்கும் வாழ்த்துகள்!"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இந்த ஊரில் அது தானாகக் குறுகுறுக்காவிட்டாலும் நாட்காட்டி விடாது. வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் அச்சடித்திருக்கும். அந்தப் பெயர்க்காரர் வீட்டுக்கு அன்றைக்கு யாரும் அழைப்பில்லாமல் பூவோடு போகலாம், மணியடிக்கலாம். நாற்பத்துச் சொச்சம் வருஷமாக ஸோராவின் நாள் வந்து வந்து போனது. வ்லாஸ்தா போகவில்லை.

ஸோராவும் அவளும் ஒரே ஆய்வு நிறுவனத்து மொழிபெயர்ப்புப் பிரிவில் எதிரெதிர் மேசை. ஒருத்தி கொண்டுவந்த ரொட்டியை இன்னொருத்தி பிய்த்துத் தின்பாள். ஸோரா தடை செய்யப்பட்ட ஆங்கிலக் கட்டுரை ஒன்றை ரகசியமாக மொழிபெயர்த்து, கார்பன் தாள் வைத்துப் தட்டச்சில் பத்துப் பிரதி எடுத்து, ஆள் ஆளாய்க் கைமாற்றினாள். மாட்டிக்கொண்டாள். மேலிடம் ஒரு கூட்டம் போட்டு, 'இவள் செய்தது தேசத்துக்குக் கேடு' என்று ஒரு கடிதத்தை நீட்டியது. முதல் கையெழுத்து வ்லாஸ்தாவுடையது. ஸோராவின் வேலை அன்றோடு போயிற்று. ஆட்சி மாறிய பிறகு வ்லாஸ்தா உலகத்துக்கெல்லாம் அந்தச் சொல்லைப் பாடம் நடத்தினாள். ஊருக்குத்தான் உபதேசம்!

இந்த வருஷம் வானொலி சொன்னதும் அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். 'இன்னிக்குப் போகலைன்னா இனிமே போக மாட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தி போய்ச் சேர்ந்துடுவோம்' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். மூலைக் கடையில் ஐந்து ட்யூலிப் வாங்கினாள். ட்ராமில் ஆறு நிறுத்தம்தான், அவ்வளவு பக்கம். கூட்டத்தில் ஒரு தடியனின் முதுகுப்பை இடித்து ஒரு பூவின் கழுத்து ஒடிந்தது. மிச்சம் நாலு. இந்த ஊரில் இரட்டைப்படைப் பூ கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்கள். ஸோராவின் கதவு முன்னால் நின்றுதான் எண்ணிப் பார்த்தாள். ஒன்றை உருவிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தவள் மெலிந்து, ஊன்றுகோலைப் பிடித்து நின்றாள். வந்திருப்பது யார் என்று பார்த்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது.

"சொல்லுங்க. என்ன வேணும்?"

வாடி போடி என்று பேசின வாய். வ்லாஸ்தா பூவை நீட்டினாள்.

"பெயர்நாள் வாழ்த்து, ஸோரா. அந்தக் கடுதாசில முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்."

"தெரியும். கூட்டத்துல படிச்சுக் காட்டினாங்களே."

"என்னை மிரட்டினாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கட்டின புருஷன்கிட்டகூட அப்படித்தான் சொன்னேன். பொய். யாரும் மிரட்டல."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சாக்குகள் இருந்தன. சின்ன வயசு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எல்லாரும்தான் போட்டார்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"லண்டன்ல பயிற்சிக்கு அனுப்பறேன்னாங்க. மூணு வாரம்."

ஸோரா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"பத்து வருஷம் கொதிகலன் அறையில கரி அள்ளினேன். என் பொண்ணுக்குக் காலேஜ்ல இடம் குடுக்கல. மூணு வாரத்துக்கு."

"ஆமா."

மாடியிலிருந்து யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி, இருவருக்கும் வணக்கம் சொல்லிக் கடந்து போனார்கள்.

"லண்டன் நல்லா இருந்துச்சாடி?" என்று கேட்டாள் ஸோரா.

"மழை. மூணு வாரமும் மழை."

ஸோரா சிரித்தாள். நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் சிரிப்புத்தான். பூவை வாங்கி ஒரு தடவை எண்ணிக்கொண்டாள்.

"உள்ள கூப்பிட மாட்டேன்."

"வேண்டாம். அதுக்கு வரல."

"முதல் பத்து வருஷம் இந்த நாள்ல மேசையில ரெண்டு கப்பு எடுத்து வெப்பேன். நீ வந்து நின்னு சொல்லுவேன்னு. அப்புறம் ஒண்ணோட நிறுத்திட்டேன்."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வ்லாஸ்தா அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். முப்பது வருஷம் முன்னால் வந்திருக்கலாம். ஆறே நிறுத்தம்.

வீட்டுக்கு வந்து, பையில் நசுங்கிக் கிடந்த ட்யூலிப்பைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பிறகு ஷார்க்காவைக் கூப்பிட்டாள்.

"மாத்திட்டீங்களாம்மா?"

"மாத்தல. காலைல ஒண்ணு கேட்டியே, யாராவது எனக்குப் பதில் சொல்லாம போயிட்டாங்களான்னு."

"ஐயோ, அத விடுங்கம்மா, ஏதோ வாய் தவறி..."

"பதில் சொல்லாம இருந்தது நான்தான்டி" என்றாள் வ்லாஸ்தா.