மகளின் கட்டுரையைக் குழுவில் போட்டேன்

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். குலை வெட்டப் போன இடத்தில் மட்டை விழுந்து என் கணவர் இறந்துவிட்டார். பள்ளியில் ‘என் அப்பா’ என்று கட்டுரை கேட்டபோது, என் மகள் கவிதா அவருடைய தொப்பியைப் பற்றி எழுதினாள். அது இன்னும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. படித்துவிட்டு அழுதேன். பெருமை தாங்காமல் அதைப் படம் பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

சில நாளில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். கவிதாவோடு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அதே கட்டுரையை அவளுக்கு முந்தியே கொடுத்திருக்கிறான். கவிதாதான் காப்பியடித்தாள் என்று ஆசிரியை வகுப்பில் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். நான் குழுவில் போட்டதைப் பார்த்துத்தான் அவன் எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிப் படத்தைக் காட்டியதும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

வெளியே வந்ததும் கவிதா அழுதாள். “அவன் அப்பா நல்லாத்தானே லோரி ஓட்டிக்கிட்டு இருக்காரு. அவனுக்கு எதுக்குமா நம்ம அப்பா தொப்பி? நீ ஏன் என்னைக் கேக்காம போட்ட?”

அவள் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இப்போது அவளைக் கேட்காமல் எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. ஆனால் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. எழுதுவதை அவள் என்னிடம் காட்டுவதில்லை.