ஐந்து வாக்கியம், இருபது நிமிஷம்

என் அக்கா புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரஸரின் முனகலைக் கேட்டே கோளாறு எதுவென்று சொல்லிவிடுவார். இங்கிலீஷில் வாயைத் திறந்தால் மட்டும் கோளாறு அவர் பக்கம். அவர் வேலை செய்யும் கடையிலேயே ஃபிரிட்ஜுக்கு கேஸ் நிரப்புகிறவன் நான் என்பதால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

அக்கா வெளிநாட்டில் நர்ஸ். போய் மூன்று வருஷமாகிறது. மச்சான் அவளோடு போய்ச் சேர வேண்டுமானால் இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். அதற்காகத் தினமும் சாயங்காலம் போன் வரும். அங்கே அப்போது காலை. அக்கா வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருப்பாள். இவர் ஐந்து வாக்கியம் சொல்ல, அவள் திருத்துவாள்.

"ஐ ஆம் போரிங்."

"ஐயோ, 'போர்டு'ங்க! எனக்குப் போரடிக்குதுன்னா போர்டு. போரிங்னா நீங்களே அறுவைன்னு அர்த்தம்."

"அதுவும் உண்மைதானே?"

அக்கா சிரிப்பது எனக்கே கேட்கும். 'மோர் பெட்டர்' என்பார். பெட்டர் என்றாலே இன்னும் நல்லதுதான், மோர் எதற்கு என்பாள். 'பிளாக்ஸ் ஷூஸ்' என்பார். ஷூ ரெண்டானாலும் கறுப்பு ஒண்ணுதான் என்பாள். இப்படியே இருபது நிமிஷம் ஓடிவிடும்.

மூன்று மாதத்தில் ஐந்து வாக்கியமும் சரியாக வந்தன. "சூப்பருங்க! நாளைக்குப் பேசலாம்" என்று அக்கா வைத்துவிட்டாள். மூன்றே நிமிஷம். மச்சான் இருண்டுபோன திரையைப் பார்த்தபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் 'போரிங்' திரும்பி வந்தது. அதற்கடுத்த நாள் 'பிளாக்ஸ் ஷூஸ்'.

"என்ன மச்சான், படிச்சதெல்லாம் மறந்துபோச்சா?"

"மறக்கலடா. சரியா சொன்னா அவ வெச்சிடறா."

எனக்குக் கோபம் வந்தது. "விளையாட்டு வினையாயிடப் போகுது" என்றேன். கேட்டால்தானே!

தேர்வில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவருக்குப் பிடித்த பேச்சு, கேட்கவா வேண்டும்? ஆனால் இத்தனை நாள் வேண்டுமென்றே சொன்ன தப்பெல்லாம் வேண்டாத இடத்தில் வரிசை கட்டி வந்து நின்றன. தோற்றுப்போனார். மறுபடி எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் தமிழிலேயே ஒப்புக்கொண்டார். "நான் வேணும்னுதான் தப்பா சொன்னேன். கொஞ்ச நேரம் கூடப் பேசுவியேன்னு. அதுவே பழகிப்போச்சு."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் கேட்டது. வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அக்கா வாய் எனக்குத் தெரியாதா?

"அன்னைக்குச் சீக்கிரம் வெச்சா மீதி நேரத்துல படிப்பீங்கன்னு நினைச்சேங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "வெச்சிட்டு, இறங்கற வரைக்கும் உங்க போட்டோவத்தான் பாத்துட்டுப் போனேன்."

மச்சான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. அன்று அக்கா இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், வேலைக்கு அரை மணி நேரம் பிந்திச் சேர்ந்தாள்.